இருபது மீட்டர் கம்பியும் அதை அளக்கும் கருவியும்

கோவையில் மோட்டார் ரீவைண்டிங் செய்யும் கடை எதிலும், காயில் கட்டி முடித்த மோட்டாரை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். மெகர் வைத்து இன்சுலேஷன் பார்ப்பார்கள். ஓடவிட்டு, டாங் டெஸ்டரை ஒயரில் கவ்வவிட்டு, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்ப்பார்கள். அளந்து பார்க்காமல் எதையும் நம்பாத இந்தப் பழக்கம், ஹாம் ரேடியோ என்ற அமெச்சூர் வானொலிக்குள் நுழைபவருக்குப் பெரிய முதலீடு. மோட்டாருக்கு மெகரும் டாங் டெஸ்டரும் சரி, ஆன்டெனாவுக்கு எது?

பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொலைத்தொடர்புத் துறையின் தேர்வில் தேறி உரிமம் வாங்கிய ஒருவர், இரண்டு தென்னைகளுக்கு நடுவே 40 மீட்டர் அலைவரிசைக்கு டைபோல் என்ற கம்பி ஆன்டெனாவைக் கட்டுகிறார். இந்தியாவில் அந்த அலைவரிசை 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை. 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கம்பியின் மொத்த நீளம் மீட்டரில் வரும் என்பது ஹாம்களின் மனக்கணக்கு. 7.1க்கு 20.14 மீட்டர், நடுவில் வெட்டி, பக்கத்துக்குப் பத்து மீட்டர் சொச்சம்.

கட்டிப் பார்த்தால் கணக்கு சொன்ன இடத்தில் நிற்காது. வீட்டு வயரிங்குக்கு வாங்கிய பி.வி.சி. உறை போட்ட கம்பி என்றால் உறையே அதிர்வெண்ணைச் சற்றுக் கீழே இழுக்கும். தரையிலிருந்து எவ்வளவு உயரம், பக்கத்தில் தகரக் கூரை உண்டா என்பதும் சேர்ந்துகொள்ளும். உண்மையான ஒத்ததிர்வு 6.9இல் இருக்கிறது என்று அளந்து தெரிந்தால் மீதி எளிது: 20.14ஐ 6.9ஆல் பெருக்கி 7.1ஆல் வகுத்தால் 19.57. பக்கத்துக்கு 28 சென்டிமீட்டர் குறைக்க வேண்டும். அதையும் வெட்டாமல் முதலில் மடித்துக் கட்டிப் பார்ப்பதுதான் புத்தி. அந்த 6.9ஐக் காட்டப்போவது எந்தக் கருவி என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள்.

வால்வு காலத்தில் கிரிட் டிப் மீட்டர் இருந்தது. அதன் சுருளைக் கம்பியருகே கொண்டுபோய் டயலைத் திருப்பினால், ஒத்ததிர்வு வரும் இடத்தில் முள் சட்டென்று கீழே இறங்கும். ஆனால் சுருளை மிக நெருக்கினால் அதிர்வெண்ணே நகர்ந்துவிடும். டயலில் உள்ள எண்ணையும் ஒரு ரிசீவரில் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். பல அலைவரிசை ஆன்டெனாக்களில் வரும் டிராப் சுருள்களைச் சோதிக்க இன்றும் கை கொடுக்கும் கருவி. தோப்பிலுள்ள டைபோலுக்கு அது மட்டும் போதாது.

அடுத்தது எஸ்.டபிள்யூ.ஆர்., அதாவது நிலை அலை விகித மீட்டர். ஆன்டெனாவுக்குப் போன சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை அது காட்டும்: விகிதம் 1.5 என்றால் 4 சதவீதம், 2 என்றால் 11 சதவீதம், 3 என்றால் 25 சதவீதம். விலை குறைவு, எப்போதும் கேபிளிலேயே மாட்டி வைத்திருக்கலாம். குறை ஒன்றுதான்: டிரான்ஸ்மிட்டரை இயக்கினால்தான் முள் அசையும், உரிமம் உள்ள அலைவரிசைக்கு வெளியே இயக்கக் கூடாது. ஆகவே 6.9ஐ அது நேராகக் காட்டாது. 7.000இல் குறைவாகவும் 7.200இல் கூடுதலாகவும் இருந்தால் கம்பியின் நீளம் அதிகம் என்று ஊகிக்கலாம், அவ்வளவே.

இந்தக் குறையைத் தீர்த்தது ஆன்டெனா அனலைசர். தானே மெல்லிய சிக்னலை அனுப்பி அளக்கும். அமெரிக்காவின் ஸ்டார்க்வில் நகரத்து எம்.எஃப்.ஜே. நிறுவனத்தின் 259 வகை, 1.8 முதல் 170 மெகாஹெர்ட்ஸ் வரை, பல ஆண்டுகள் ஹாம்களின் கைக்கருவியாக இருந்தது. 2024இல் அந்த நிறுவனம் அங்கே உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. இனி பெரும்பாலும் பழையதுதான் கிடைக்கும். வாங்குபவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பக்கத்தில் சக்தி வாய்ந்த ஒலிபரப்பு நிலையம் இருந்தால், அந்த சிக்னலும் ஆன்டெனா வழியே உள்ளே புகுந்து அளவைக் கெடுக்கும்.

நம் பக்கத்திலேயே உருவான ஒன்றும் உண்டு. 2003இல் பிட்எக்ஸ் என்ற எளிய டிரான்ஸீவரை வடிவமைத்து உலகெங்கும் ஹாம்களைச் சால்டரிங் அயர்னோடு உட்காரவைத்த ஹைதராபாத் அஷர் ஃபர்ஹான், ஆன்டுயினோ என்ற அனலைசரையும் வடிவமைத்தார். அதன் சர்க்யூட்டும் மென்பொருளும் பொதுவில் இருக்கின்றன. பிரித்துப் பார்த்துக் கற்க நினைக்கும் பொறியியல் மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

இன்று முதல் கருவியாக வாங்கத் தக்கது நானோவிஎன்ஏ என்ற அனலைசர். ஜப்பானியர் ஒருவரின் வடிவமைப்பை வைத்து, 2019 வாக்கில் சீனாவிலிருந்து மலிவாக வரத் தொடங்கியது, சட்டைப்பையில் அடங்கும். 50 கிலோஹெர்ட்ஸிலிருந்து 900 மெகாஹெர்ட்ஸ் வரை அளக்கும். அந்த அகலமே புதியவரை ஏமாற்றுவதும் உண்டு. தொடக்க வகைகள் ஒரு வீச்சில் 101 புள்ளிகளைத்தான் தொடும். 900 மெகாஹெர்ட்ஸையும் ஒரே திரையில் விரித்தால் புள்ளிக்குப் புள்ளி 9 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி; 40 மீட்டர் அலைவரிசை முழுவதும் அந்தச் சந்தில் காணாமல் போய்விடும். 6.5 முதல் 7.7 வரை என்று குறுக்கினால் இடைவெளி 12 கிலோஹெர்ட்ஸ், பள்ளம் துல்லியமாகத் தெரியும். அளப்பதற்கு முன் ஓப்பன், ஷார்ட், லோட் என்ற மூன்று சிறு முனைகளை மாட்டிக் காலிபரேஷன் செய்ய வேண்டும். அதைக் கேபிளின் ஆன்டெனா முனையில் செய்தால், இடையிலுள்ள கேபிளின் பாதிப்பு கணக்கிலிருந்து கழிந்துவிடும். டிரான்ஸ்மிட்டர் சக்தி இதற்குள் போனால் கருவி அதோடு முடிந்தது. ஆடிக் காற்றில் கம்பியில் சேரும் நிலைமின்சாரமும் ஆபத்து. ஆன்டெனா கேபிளின் முனையை ஒருமுறை ஷார்ட் செய்துவிட்டு மாட்ட வேண்டும்.

கருவியின் விலையை விட, அது எத்தனை விஷயங்களைப் பிரித்துக் காட்டுகிறது என்பது முக்கியம். எஸ்.டபிள்யூ.ஆர். குறைவாக இருப்பதும் ஒத்ததிர்வும் ஒன்றல்ல. அதிர்வெண்ணோடு மாறும் எதிர்ப்பான ரியாக்டன்ஸ் சுழியாகும் இடமே ஒத்ததிர்வு. கால் அலை நீளச் செங்குத்து ஆன்டெனாவின் கதிர்வீச்சுத் தடை சுமார் 36 ஓம். பல்லடம், காங்கேயம் பக்கத்து வறண்ட மண்ணில் நட்டு, தரை இழப்பு 14 ஓம் சேர்ந்தால் மொத்தம் 50. மீட்டர் 1 என்று காட்டும், பார்ப்பவர் பூரித்துப் போவார். சக்தியில் 28 சதவீதம் மண்ணைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். தரையில் நிறையக் கம்பிகளைப் பரப்பி இழப்பை 2 ஓமாக்கினால் எஸ்.டபிள்யூ.ஆர். 1.3க்கு ஏறும், ஆன்டெனாவோ முன்பைவிட நன்றாக வேலை செய்யும். தடையையும் ரியாக்டன்ஸையும் தனித்தனியே காட்டும் கருவிதான் இதைப் பிடித்துக் கொடுக்கும்.

கேபிளும் இதே மாயம் செய்யும். போகும்போது 3 டெசிபெல் தின்னும் மெல்லிய நீளக் கேபிளின் மறுமுனையில் ஆன்டெனாவே இல்லாவிட்டாலும், இந்தப் பக்கம் எஸ்.டபிள்யூ.ஆர். 3தான் காட்டும்.

அதனால் ஆன்டெனா கட்டிய அன்றே கருவி காட்டும் வரைபடத்தைப் படம் எடுத்து, தேதி போட்டு வைத்துக்கொள்வது நல்லது. மழைக்காலம் கழித்து மறுபடி அளக்கும்போது, யாரும் கை வைக்காமலே எஸ்.டபிள்யூ.ஆர். அலைவரிசை முழுவதும் தட்டையாகக் குறைந்திருந்தால் மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. கனெக்டர் வழியே கேபிளுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். கம்பியை இறக்கி, கனெக்டர் மேல் சுற்றிய டேப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.