ஒரு சிறு வால்வும் ஒரு பெரிய தொழிற்சாலையும்

நம் வீடுகளில் அன்னையர் சாமான் வாங்கிச் சேர்க்கும் முறையைக் கூர்ந்து நோக்கினால், அதில் ஒரு கணக்கு இருப்பதைக் காணலாம். புளியும் மிளகாயும் மலிவாகக் கிடைக்கும் காலத்தில் வாங்கப்பட்டு ஆண்டு முழுமைக்கும் பானையில் அடைபடும். அரிசியும் பருப்பும் மாதத்திற்கு ஒரு முறை. பாலோ நாள்தோறும் காலையில். பாலை ஒரு மாதத்திற்கு வாங்கி வைப்பாரும் இல்லை. புளிக்காகத் தினமும் கடைக்கு ஓடுவாரும் இல்லை. ஒரு பொருள் எத்தனை நாள் கெடாமல் இருக்கும், வேண்டுமென்றபோது எவ்வளவு விரைவில் கைக்கு வரும், அது இல்லாவிட்டால் சமையலே நின்றுவிடுமா என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை கண்டே அவர்கள் வாங்குகிறார்கள். பெரிய தொழிற்சாலைகளும் இதே கேள்விகளோடுதான் போராடுகின்றன. அங்கே பொருள்களின் எண்ணிக்கைதான் நம்மை மலைக்க வைக்கிறது.

ஒரு மோட்டார் காரில் திருகாணிகளையும் சேர்த்து எண்ணினால் ஏறத்தாழ 30,000 உறுப்புகள் உண்டு. இவற்றுள் பெரும்பாலானவற்றைக் கார்க் கம்பெனி தானே செய்வதில்லை. வேறு கம்பெனிகளிடம் வாங்குகிறது. அவை தமக்கு வேண்டியவற்றை இன்னும் சிறிய பட்டறைகளிடம் வாங்குகின்றன. இவ்வாறு நீளும் சங்கிலியின் எல்லாக் கண்ணிகளிலிருந்தும் பொருள் சொன்ன நாளில், சொன்ன எண்ணிக்கையில் வந்தாக வேண்டும்.

இது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் இயந்திரத்திற்கு 100 உறுப்புகள் தேவை. ஒவ்வொன்றும் நூற்றுக்கு 99 தடவை சரியான வேளையில் வந்துவிடுகிறது. தேர்வில் 99 வாங்கினால் வீட்டில் பாயசம் கிடைக்கும்! ஆனால் அந்த நூறு உறுப்புகளும் ஒருங்கே குறித்த வேளையில் வந்து சேரும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 37 மட்டுமே. நம்ப இயலாதவர்கள் 0.99 என்பதை நூறு முறை பெருக்கிப் பார்க்கலாம். ஒவ்வொரு கண்ணியும் ஏறக்குறையக் குறையற்றதாக இருந்தும், சங்கிலி பாதி நாளுக்கு மேல் அறுந்து கிடக்கிறது.

இந்த அச்சத்தால் தொழிற்சாலைகள் பொருள்களைக் கிடங்குகளில் குவித்து வைத்தன. 1960-களில் அமெரிக்காவில் ஜோசப் ஆர்லிக்கி முதலியோர் கணிப்பொறியின் துணையால் திட்டமிடும் முறையை வகுத்தனர். முடிந்த பொருள் என்றைக்கு வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கி எண்ணி, எந்த உறுப்பை எந்த நாளில், எத்தனை என்று ஆர்டர் செய்ய வேண்டும் எனக் கணக்கிடுவதே அம்முறை. திருமண நாளைக் குறித்துக்கொண்டு, பத்திரிகை அச்சடிக்கவும் சேலை எடுக்கவும் நாள் பார்ப்பது போன்றது.

ஜப்பானிலோ டொயோட்டா கம்பெனியின் பொறியாளர் தாயிச்சி ஓனோ வேறு வழியில் சிந்தித்தார். அமெரிக்காவின் சூப்பர் மார்க்கெட் கடைகள் அவர் கருத்தைக் கவர்ந்தன. வாடிக்கையாளர் தட்டிலிருந்து எதை எடுத்தாரோ, அதை மட்டுமே, எடுத்த அளவுக்கே கடைக்காரர் மீண்டும் நிரப்புகிறார். தொழிற்சாலையிலும் அவ்வாறே செய்தால் என்ன என்று எண்ணினார் ஓனோ. ஒரு பெட்டி உறுப்புகள் தீர்ந்ததும், அதனோடு இணைத்த அட்டை முந்திய பிரிவுக்குத் திரும்பிச் செல்லும். அட்டை வந்தால்தான் அடுத்த பெட்டி செய்யப்படும். 'கான்பான்' எனப்படுவது இந்த அட்டையே. குவியல் இல்லாததால் இடமும் பணமும் மிச்சமாயின. அதைவிட முக்கியமான பயன் ஒன்றும் உண்டு. கிடங்கில் ஒரு மாதச் சரக்கு இருந்தால், பழுதான உறுப்பு ஒரு மாதம் கழித்தே வெளிப்படும். அதற்குள் அதே பழுது ஆயிரம் உறுப்புகளில் ஏறியிருக்கும். கையிருப்புக் குறைவாயின் பழுது அன்றைக்கே தெரிந்துவிடும்.

நல்ல முறைதான். ஆயினும் கையில் இருப்பு இல்லாத வீட்டுக்குத் திடீரென்று விருந்தாளி வந்தால் என்ன ஆகும்?

1997-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், சனிக்கிழமை விடியற்காலை. ஜப்பானின் காரியா நகரிலுள்ள ஐசின் செய்கி கம்பெனியின் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. அங்கே செய்யப்பட்டது ஒரு சிறு வால்வு, கைக்குள் அடங்குவது. டிரைவர் வேகமாகப் பிரேக்கை மிதிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாயும். பின்சக்கரங்கள் இறுகி வண்டி வழுக்கிச் சுழலக்கூடும். பின்சக்கரங்களுக்குச் செல்லும் அழுத்தத்தை மட்டுப்படுத்தி அந்த ஆபத்தைத் தடுப்பதே இவ்வால்வின் வேலை. இது இல்லாமல் காரை வெளியே விட முடியாது. டொயோட்டாவுக்கு வேண்டிய வால்வுகளில் ஏறக்குறைய அனைத்தும் அந்த ஒரே ஆலையிலிருந்துதான் வந்தன. ஆலைகளிலும் வழியில் லாரிகளிலும் இருந்தவை எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று நாள்களுக்கு மேல் தாங்காது. வால்வு செய்வதற்கென்றே அமைந்த இயந்திரங்களில் பெரும்பாலானவை தீயில் பாழாயின.

அடுத்த வாரத்தின் நடுவில் ஜப்பானிலிருந்த டொயோட்டா ஆலைகள் அநேகமாக எல்லாம் ஓய்ந்து நின்றன. மீண்டெழப் பல வாரங்கள் ஆகும் என்றே பலர் கணித்தனர்.

ஐசின் கம்பெனியார் அன்று காலையிலேயே உதவி கேட்டனர். வால்வின் வரைபடங்களைக் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தனர். விலை என்ன, இழப்பை ஈடுசெய்வது யார் என்ற பேரம் எதுவும் முதலில் எழவில்லை. ஏறத்தாழ 200 கம்பெனிகள் நேராகவோ மறைமுகமாகவோ கை கொடுத்தன. அவற்றுள் பல அந்த வால்வைக் கண்ணால் கண்டதும் இல்லை. சிறப்பு இயந்திரங்கள் இல்லாததால், சாதாரணக் கடைசல் இயந்திரங்களில் ஒவ்வொன்றாகக் கடைந்தனர். நம் தையல் வகுப்புக்குப் பழக்கமான பெயரொன்றும் இதில் வருகிறது. தையல் இயந்திரம் செய்யும் பிரதர் கம்பெனி, கார் உறுப்புச் செய்து பழக்கமில்லாதது, தன் இயந்திரத்தைப் பெரும்பாடுபட்டு மாற்றி அமைத்து நாளொன்றுக்குச் சில பத்து வால்வுகள் செய்து கொடுத்தது. (டொயோட்டாவின் மூலமும் துணித் தொழிலே. நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தறியைச் செய்த சாக்கிச்சி டொயோடாவின் தறிக் கம்பெனியிலிருந்து பிறந்ததே கார்க் கம்பெனி.) தீப்பிடித்து நான்கு நாள் ஆவதற்குள் முதல் வால்வுகள் வந்து சேர்ந்தன. ஒரு வாரம் பத்து நாளில் கார் உற்பத்தி ஏறக்குறையப் பழைய நிலைக்குத் திரும்பியது.

இதைக் கான்பான் அட்டையின் வெற்றி என்று புகழ்வோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரே ஆலையை நம்பியிருந்தது பெரும் துணிச்சல்; துணிச்சல் என்பதைவிட அசட்டை என்பதே பொருந்தும். அந்த அசட்டையிலிருந்து காத்தது, பல ஆண்டுகளாக ஒருவர் ஆலைக்குள் மற்றவர் போய் வந்து, ஒருவர் வேலையை மற்றவர் அறிந்திருந்த பழக்கமே. முன்பின் அறியாதவருக்கு வரைபடத்தை அனுப்பினால் வால்வு வராது, கேள்விகள்தாம் வரும்.

அந்தப் பழக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை 2011 மார்ச் 11 அன்று நேர்ந்த பெரும் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் காட்டின. டொயோட்டா தனக்கு நேராகப் பொருள் தருவோரை அறிந்திருந்தது. அவர்களுக்குத் தருவோர் யார், அவர்களுக்கும் அப்பால் யார் என்பது முழுமையாகத் தெரியவில்லை. ஓர் உறுப்பை இரண்டு மூன்று கம்பெனிகளிடம் பிரித்து வாங்கினால் கவலையில்லை என எண்ணியிருந்தனர். தேடிப் பார்த்தபோது, அவர்களில் பலரும் கீழே ஒரே ஆலையிடமே வாங்கிக்கொண்டிருந்தது தெரிய வந்தது. நான்கு வாளிகள் இருந்தும் கிணறு ஒன்றுதான்! அத்தகைய கிணறுகளில் ஒன்று, நாக்கா என்னும் இடத்தில் ரெனசாஸ் கம்பெனி நடத்திய மின்னணுச் சில்லு ஆலை. நிலநடுக்கத்தில் அது சேதமடைந்தது. கார்க் கம்பெனிகளிலிருந்தும் பிற கம்பெனிகளிலிருந்தும் நாளொன்றுக்கு 2,500 பேர் வரை சென்று பழுதுபார்த்தும், ஜூன் மாதத்தில்தான் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. வால்வைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்துவிடலாம். சில்லை அவ்வாறு செய்ய இயலாது. ஒரு சில்லு உருவாகவே மூன்று மாதத்திற்கு மேல் பிடிக்கும்.

இதன் பிறகு டொயோட்டா, சங்கிலியின் அடிக்கண்ணி வரை யார் எங்கே என்ன செய்கிறார் என்ற விவரங்களைத் திரட்டிக் கணிப்பொறியில் பதிந்து வைத்தது. சில்லுகளை மட்டும் இரண்டு முதல் ஆறு மாதத் தேவைக்குச் சேமித்து வைக்கும்படி பொருள் தருவோரைக் கேட்டுக்கொண்டது. பாலை நாள்தோறும், புளியை ஆண்டுக்கு ஒரு முறை என்னும் நம் சமையலறைக் கணக்கு அங்கேயும் வந்து சேர்ந்தது! 2021-இன் தொடக்கத்தில் உலகெங்கும் சில்லுப் பஞ்சம் வந்து, மார்ச் மாதத்தில் அதே நாக்கா ஆலையில் தீயும் பிடித்தபோது, மற்றக் கார்க் கம்பெனிகள் தவித்த அளவுக்கு டொயோட்டா தவிக்கவில்லை. ஆனால் பஞ்சம் நீண்டது. தென்கிழக்கு ஆசிய ஆலைகளைக் கொரோனா முடக்கியது. சேமிப்புக் கரைந்தது. அவ்வாண்டு செப்டம்பர் மாத உற்பத்தியை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைப்பதாக டொயோட்டாவும் அறிவிக்க நேர்ந்தது.

2022 மார்ச் முதல் நாள் நிகழ்ந்ததோ முற்றிலும் வேறு வகை. தீயும் இல்லை, நிலநடுக்கமும் இல்லை. பிளாஸ்டிக் உறுப்புகள் தரும் கொஜிமா கம்பெனியின் கணிப்பொறிகளுக்குள் யாரோ திருட்டுத்தனமாகப் புகுந்து அவற்றை முடக்கிவிட்டனர். இயந்திரங்கள் இருந்தன, ஆட்களும் இருந்தனர். என்ன வேண்டும், எத்தனை வேண்டும் என்னும் செய்திதான் வழக்கம் போல் போய்வர முடியவில்லை. அந்த ஒரு நாள் ஜப்பானில் டொயோட்டாவின் 14 ஆலைகளிலும் 28 உற்பத்தி வரிசைகள் நின்றன. மாற்று ஏற்பாடு ஒன்றைச் செய்துகொண்டு மறுநாள் காலை மீண்டும் வேலையைத் தொடங்கினர்.