உதவிக்கு ஓர் ஒழுங்கு: நாகப்பட்டினம், 2005

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை தமிழ்நாட்டில் ஏறத்தாழ எண்ணாயிரம் உயிர்களைப் பறித்தது. அவர்களுள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் என்னும் ஒரே மாவட்டத்தில் மாண்டவர்கள் என்பதால், அடுத்த சில நாட்களிலேயே நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் அங்கு வந்து இறங்கின. சாலையை ஒட்டிய ஊருக்குப் பலர் சென்றனர். உள்ளே தள்ளியிருந்த ஊருக்கு எவரும் செல்லவில்லை. நாடெங்கிலுமிருந்து நல்லெண்ணத்தோடு அனுப்பப்பட்ட பழைய துணிகள் எடுப்பாரின்றித் தெருவோரங்களில் குவிந்து கிடக்க, அவற்றை அப்புறப்படுத்துவதே நிர்வாகத்துக்குத் தனி வேலையாயிற்று.

இந்தக் குழப்பத்திலிருந்துதான், தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் நாகையில் ஏற்கெனவே பணியாற்றிவந்த சினேகா அமைப்பும் மாவட்ட நிர்வாகத்தோடு கைகோத்து, 2005 ஜனவரித் தொடக்கத்தில் தொண்டு நிறுவன ஒருங்கிணைப்பு மையத்தை உருவாக்கின. எந்த ஊருக்கு என்ன தேவை, அதை யார் செய்கிறார்கள், எது விடுபட்டது என்ற விவரங்களைத் திரட்டி, அரசுக்கும் நிறுவனங்களுக்கும் ஊராருக்கும் ஒருசேரத் தெரியப்படுத்துவதே இங்கு ஒருங்கிணைப்பு எனப்பட்டது. எவரையும் கட்டளையிட்டு நிறுத்தும் அதிகாரம் மையத்துக்கு இருக்கவில்லை. தகவல் ஒன்றே அதன் வலிமையாக இருந்தது.

அந்த ஆண்டு கற்பித்தவற்றுள் மிகக் கடினமான பாடம் படகுகளைப் பற்றியது. படகு என்பது கண்ணுக்குத் தெரியும் உதவி, விரைவில் கொடுத்து முடிக்கக்கூடியது, நன்கொடையாளருக்குப் படம் எடுத்து அனுப்ப ஏற்றது. ஆகவே கண்ணாடியிழைப் படகுகள் தேவைக்கு மேல் வந்து சேர்ந்தன. மீன்பிடித் தொழிலில் படகுக்காரர் ஒருவராகவும், பிடிபட்டதில் பங்கு பெற்று உழைக்கும் தொழிலாளர் பலராகவும் இருப்பது வழக்கம் என்பதையும், படகுகள் பெருகினால் அவற்றில் ஏற ஆள் கிடைக்காது, கடலில் மீனும் அதற்கேற்பப் பெருகாது என்பதையும் பல நிறுவனங்கள் காலங்கடந்தே உணர்ந்தன.

இதைவிடக் கசப்பானது விடுபட்டவர்களின் நிலை. இழந்த உடைமையைக் கணக்கிட்டு நிவாரணம் வழங்கும் முறையில், படகோ வலையோ இல்லாமல் அன்றாடக் கூலியை மட்டும் இழந்த தலித் விவசாயத் தொழிலாளர்களும் உப்பளத் தொழிலாளர்களும் தலைச்சுமையாக மீன் விற்ற பெண்களும் பட்டியலுக்கு வெளியே நின்றனர். மீனவர்களின் ஊர்ப் பஞ்சாயத்து வழியாகப் பொருள் வழங்குவது எளிது, பெரும்பாலும் ஒழுங்கானதும்கூட. ஆனால் அதில் பெண்களுக்கும் பிற சாதியினருக்கும் குரல் இல்லை என்பதால், ஊரின் ஒப்புதலை மட்டும் பெற்றவர்கள் அனைவரின் ஒப்புதலையும் பெற்றுவிட்டதாகத் தவறாகக் கருதினர். மையம் கிராமத் தகவல் மையங்களை நிறுவியதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம்.

குடியிருப்புகளிலும் அவசரமே மிஞ்சியது. தார் பூசிய தகடுகளால் எழுப்பப்பட்ட தற்காலிகக் குடில்கள் கோடையில் கொதித்தன, ஆண்டிறுதி வடகிழக்குப் பருவமழையில் வெள்ளத்தில் நின்றன; நிரந்தர வீடுகள் கட்டும் வேகத்தில் சில ஊர்களில் சேதமடையாத வீடுகள் இடிக்கப்பட்டதும் நிழல் தந்த மரங்கள் வெட்டப்பட்டதும் மன்னிக்க முடியாத பிழைகள். உப்பேறிய வயல்களில் தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுது மண்ணை மீட்ட இயற்கை வேளாண்மைப் பணியோ, ஆரவாரமின்றி நடந்தும் நிலைத்த பலன் தந்தது.

உலக அளவில் சுனாமி உதவியை மதிப்பிட்ட கூட்டமைப்பு 2006-இல் வெளியிட்ட அறிக்கையும், அளவுக்கு மீறிய நிதியும் அதை விரைந்து செலவிடும் நெருக்கடியும் உள்ளூர் மக்களின் திறனைப் பின்னுக்குத் தள்ளின என்றே கூறியது. புயலும் வெள்ளமும் ஓயாத இந்தக் கரையோர மாவட்டங்களில், உதவ விரும்பும் ஒவ்வொருவரும் பொருளை அனுப்புமுன் அங்கே பணிசெய்யும் அமைப்பிடம் தேவையைக் கேட்டறிய வேண்டும். அங்குள்ள அமைப்புகளோ, கூலியை மட்டுமே நம்பி வாழும் குடும்பங்களின் பட்டியலை அடுத்த பேரிடருக்கு முன்பே ஊர்தோறும் எழுதி வைத்திருக்க வேண்டும்.