படம் சாய்ந்தால் பெட்டியைப் பழிக்கலாமா?

 

நீலகிரி மாவட்டம் கூடலூர் வட்டத்தில், கேரள எல்லைக்கு அருகே அமைந்த தேயிலைத் தோட்ட ஊர் தேவர்சோலை. லைன் என்றும் பாடி என்றும் வழங்கப்படும் தோட்டக் குடியிருப்புகளிலும், அவற்றை அடுத்த சிறு வீடுகளிலும் பழைய டியூப் தொலைக்காட்சிப் பெட்டிகள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் பல, தமிழக அரசு 2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கி 2011 வரை நடத்திய திட்டத்தின் கீழ் இலவசமாகக் கிடைத்த 14 அங்குல வண்ணப் பெட்டிகளாகும். கொடுத்த காலத்தில் இத்தனை ஆண்டுகள் தாங்கும் என்று எண்ணியவர் சிலரே.

இப்பெட்டிகளில் படம் சுருங்குகிறது, சாய்கிறது, உருளுகிறது, மனிதர்கள் மூங்கில் போல் நீண்டு தெரிகிறார்கள் என்று பலரும் குறைப்படுகின்றனர். உடனே, 'டியூப் போய்விட்டது, புதியது வாங்குங்கள், மாதத் தவணையில் தருகிறோம்' என்ற பதிலும் கிடைத்துவிடுகிறது. தவணையில் வாங்குவது மட்டுமே குற்றமாகிவிடாது. ஆனால் தவணையோடு வட்டியும் ஒட்டிக்கொண்டு வந்தால் அது ஒரு முஸ்லிம் குடும்பம் அஞ்சி விலக வேண்டிய வாசல். கொழுந்து பறித்து ஈட்டிய ஹலாலான கூலி, ஒரு பொத்தானை அழுத்தினால் தீர்ந்துவிடக்கூடிய குறைக்காக வட்டிக்குப் போவது எவ்வளவு வேதனைக்குரியது!

தொலைக்காட்சியில் எதைப் பார்க்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள். ரமலான் 29 ஆம் நாள் மாலையில் பிறைச் செய்திக்காகப் பெட்டியின் முன் அமரும் வீடுகள் நம்மிடையே உண்டு. அந்தப் பெட்டியின் குறை வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்று அறியும் வழியை மட்டும் இங்கே காண்போம்.

படம் எவ்வாறு உருவாகிறது?

பிக்சர் டியூப் என்பது காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குடுவை. இதன் முன்னோடியை 1897 இல் உருவாக்கியவர் ஜெர்மானிய அறிஞர் கார்ல் பெர்டினாண்ட் பிரவுன். வண்ணப் பெட்டியில் குடுவையின் ஒடுங்கிய கழுத்திலிருந்து மூன்று எலக்ட்ரான் கதிர்கள் புறப்படுகின்றன. அவை திரையின் உட்புறம் பூசப்பட்ட சிவப்பு, பச்சை, நீலப் பூச்சுகளில் பட்டு ஒளியை எழுப்புகின்றன. கழுத்தைச் சுற்றியுள்ள யோக் காயில் என்னும் செம்புச் சுருள், தன் காந்த விசையால் இக்கதிர்களை இடமிருந்து வலமாகவும், மேலிருந்து கீழாகவும் இழுத்துச் செல்கிறது.

நம் நாட்டில் பின்பற்றப்பட்ட 'பால்' முறையில் ஒரு முழுப் படத்துக்கு 625 கோடுகள். ஒரு நொடிக்கு 25 படங்கள். அதாவது, கதிர் ஒரு நொடியில் 15,625 முறை திரையின் குறுக்கே ஓடுகிறது. இத்தனை வேகமான ஓட்டத்தில் சிறிது பிசகினாலும் படம் கோணுகிறது. எனவே படத்தின் கோணல் என்பது மூன்றில் ஒன்று: பெட்டிக்கு வரும் செய்தி தவறாக இருக்கலாம், கதிரை இழுக்கும் சுற்று தளர்ந்திருக்கலாம், அல்லது அருகிலுள்ள வேறொரு காந்தம் குறுக்கிடலாம்.

முதற் சோதனை

பஸராவில் சுமார் 965 ஆம் ஆண்டு பிறந்த இப்னுல் ஹைதம், 'கிதாபுல் மனாளிர்' என்னும் ஒளியியல் நூலை உலகுக்கு அளித்தவர். பொருளிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளியினாலேயே பார்வை நிகழ்கிறது என்று நிறுவினார். முன்னோர் சொன்னார்கள் என்பதற்காக எதையும் ஏற்காமல், சோதித்துப் பார்த்தே முடிவு கட்டினார். அந்த வழி நம் வீட்டுப் பெட்டிக்கும் பொருந்தும்.

தொலைக்காட்சிப் பெட்டியின் சொந்த ரிமோட்டை எடுத்து மெனுவை வரவழையுங்கள். செட்டாப் பாக்ஸின் மெனு அன்று, பெட்டியின் மெனு. படம் நீண்டோ, சாய்ந்தோ, சுருங்கியோ தெரியும்போது, மெனுவின் எழுத்துகள் மட்டும் அளவாகவும் நேராகவும் நின்றால் குறை வெளியிலிருந்து வருகிறது. எழுத்துகளும் சேர்ந்து கோணினால் குறை பெட்டிக்குள் இருக்கிறது. ரிமோட் இல்லாதவர்கள், செட்டாப் பாக்ஸைக் கழற்றி அண்டை வீட்டுப் பெட்டியில் பொருத்திப் பார்க்கலாம். அங்கும் அதே கோணல் தெரிந்தால் உங்கள் பெட்டி குற்றமற்றது.

வெளியிலிருந்து வரும் குறைகள்

முதலாவது, மனிதர்கள் ஒல்லியாக நீண்டு தெரிவது. பழைய டியூப் திரையின் அகலமும் உயரமும் 4:3 என்ற அளவில் அமைந்தவை. இன்றைய நிகழ்ச்சிகளோ 16:9 என்ற அகலத் திரைக்காகத் தயாரிக்கப்படுகின்றன. செட்டாப் பாக்ஸ் 16:9 என்று வைக்கப்பட்டிருந்தால், அகலப் படம் குறுகிய திரைக்குள் நெருக்கப்பட்டு ஆட்கள் நீண்டுவிடுவார்கள். செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் மெனுவை அழுத்தி, செட்டிங்ஸ் பகுதியில் டிஸ்ப்ளே அல்லது ஆஸ்பெக்ட் ரேஷியோ என்னும் இடத்துக்குச் சென்று 4:3 என மாற்றுங்கள். அத்துடன் லெட்டர் பாக்ஸ் என்ற தேர்வும் இருந்தால் அதையே வையுங்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். அது குறையன்று, படம் முழுமையாக வருவதன் அடையாளம். பான் ஸ்கேன் என்று வைத்தால் திரை நிறையும். ஆனால் இருபுறமும் வெட்டுப்பட்டு, ஓரத்து எழுத்துகள் மறைந்துவிடும்.

எங்கள் மதரஸாவுக்குப் பிள்ளையை அனுப்பும் தாய் ஒருவர், டியூப் பழுதாகிவிட்டது என்று ஒரு கடையில் சொன்னதை நம்பிப் புதுப் பெட்டிக்கு முன்பணம் கட்டும் நிலையில் இருந்தார். செட்டாப் பாக்ஸ் மாற்றிய நாளிலிருந்துதான் படம் நீண்டது என்பதை அவர் மகன் நினைவுபடுத்தினான். 4:3 என்று மாற்றியவுடன் படம் சீரானது. முன்பணமாக வைத்திருந்த தொகை பள்ளிக் கட்டணத்துக்கு உதவியது, அல்ஹம்துலில்லாஹ்.

இரண்டாவது, படம் மேலும் கீழும் உருளுவது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட ஏ.வி. ஒயரில் மஞ்சளே படத்துக்குரியது. அது தளர்ந்திருந்தாலோ, பச்சை பூத்திருந்தாலோ படம் உருளும், கிழியும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, முனையைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து அழுத்திச் செருகுங்கள். அதன் பின்னும் உருண்டால், செட்டாப் பாக்ஸில் அல்லது டி.வி.டி. கருவியில் வீடியோ முறை 'என்.டி.எஸ்.சி.' என்று மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அது 525 கோடுகள் கொண்ட வேறு முறை. அதை 'பால்' என மாற்ற வேண்டும். நிறமின்றிக் கறுப்பு வெள்ளையாகப் படம் வருவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது, திரையின் மூலையில் பச்சை அல்லது ஊதாக் கறை படிவது. பெரும்பாலும் இது காந்தத்தின் வேலை. பெட்டியின் அருகே ஒலிபெருக்கி, ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர் ஆகியவற்றுள் எது இருந்தாலும் சில அடி தூரம் தள்ளி வையுங்கள். பின்னர், ரிமோட்டால் அல்லாமல் பெட்டியின் முதன்மைப் பொத்தானாலேயே அணைத்து, அரை மணி நேரம் ஆறவிட்டு மீண்டும் போடுங்கள். தொடக்கத்தில் 'தும்' என்று ஓர் ஓசை கேட்கும். டியூப்பைச் சுற்றியுள்ள ஒரு சுருள் தானே காந்தக் கறையைத் துடைக்கும் ஓசை அது. இரண்டு மூன்று முறை செய்தும் கறை நீங்காவிட்டால் மெக்கானிக்கை அழைக்கலாம். பிள்ளைகள் விளையாட்டுக் காந்தத்தைத் திரையில் ஒட்டிப் பார்ப்பதைக் கண்டிப்பாகத் தடுங்கள்.

நான்காவது, நான்கு புறமும் படம் சுருங்குவது. மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும் நேரத்தில் மட்டும் பெட்டியின் படம் சுருங்கி, காலையில் நிறைந்து தெரிந்தால் மின்னழுத்தக் குறைவை ஐயுறலாம். மிகப் பழைய பெட்டிகளுக்கு ஸ்டெபிலைசர் இன்றியமையாதது. பிற்காலத்துப் பெட்டிகள் குறைந்த மின்னழுத்தத்தையும் தாங்கும். அவை எந்நேரமும் சுருங்கியே தெரிந்தால் குறை உள்ளே இருக்கிறது.

முன்னொரு காலத்தில் மலைநாட்டவருக்கு மற்றொரு தொல்லையும் இருந்தது. ஒளிபரப்பு அலை மலைச் சரிவில் மோதித் திரும்பி, ஆண்டெனாவுக்குச் சற்றுத் தாமதமாக வந்து, ஒவ்வோர் உருவத்தின் பக்கத்திலும் நிழல் உருவம் ஒன்றைக் காட்டும். ஓட்டின் மேல் ஏறி ஆண்டெனாவைத் திருப்பியவர்களுக்கு அது நினைவிருக்கும். தூர்தர்ஷனின் அந்தப் பழைய தரைவழி ஒளிபரப்பு இன்று ஏறக்குறைய நாடு முழுவதும் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே ஆண்டெனாவைத் திருப்பிப் பயனில்லை. டிஷ் அல்லது கேபிள் வழியாகவே படம் வர வேண்டும்.

உள்ளே இருக்கும் குறைகள்

திரையின் நடுவே ஒரே ஒரு குறுக்குக் கோடு மட்டும் பளிச்சென்று தெரிந்தால், மேலும் கீழும் இழுக்கும் சுற்று நின்றுவிட்டது என்று பொருள். உடனே அணைத்துவிடுங்கள். அப்படியே விட்டால் அந்தக் கோடு திரைப் பூச்சையே எரித்துத் தழும்பாக்கிவிடும். படத்தின் மேற்பகுதி மடிந்து விழுவதும், கீழே இடைவெளி விழுவதும் அதே சுற்றின் தளர்ச்சியே. பெரும்பாலும் ஒரு சிறு கெபாசிட்டரையோ, ஐ.சி.யையோ மாற்றினால் சரியாகிவிடும். மெனு எழுத்துகளோடு சேர்ந்து படம் முழுவதும் ஒருபுறம் சாய்ந்தால், யோக் காயில் நகர்ந்திருக்கிறது. வெள்ளை எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் பிரிந்து தெரிந்தால், மூன்று கதிர்களும் ஒன்றுசேரவில்லை. கழுத்திலுள்ள காந்த வளையங்களைத் திருப்பி அதைச் சரிசெய்ய வேண்டும்.

இவை அனைத்தும் பயின்ற மெக்கானிக்கின் வேலை. கைப்பேசியில் காணொளி பார்த்துவிட்டு, ரகசிய எண்களை அழுத்திச் சர்வீஸ் மெனுவுக்குள் நுழையும் இளைஞர்கள் உண்டு. அங்குள்ள அளவுகளைக் குறித்து வைக்காமல் மாற்றிவிட்டால், நல்ல படமும் கெட்டு, பழைய நிலைக்குத் திரும்ப வழியின்றிப் போகும்.

பின்மூடியைத் திறக்காதீர்கள்

இக்கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். வண்ண டியூப்புக்குச் செல்லும் மின்னழுத்தம் 20,000 வோல்ட் அளவை எட்டும். பெட்டியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அந்த மின்சாரம் குடுவையில் தேங்கி நிற்கும். கழுத்தில் இலேசாக அடிபட்டாலும் கண்ணாடி உடையக்கூடும். உட்புறம் வெற்றிடமாதலால் சில்லுகள் சிதறிப் பாயும். உயிரும் பார்வையும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் பகுதியில் பெய்யும் மழையும், சுவரில் ஊறும் ஈரமும் இப்பெட்டிகளுக்குப் பகை. பெட்டியிலிருந்து 'உஸ்' என்ற ஓசையோ, நீலப் பொறியோ, ஒருவகைக் காரமான வாடையோ வந்தால், உயர் மின்னழுத்தம் ஈரத்தின் வழியே கசிகிறது. உடனே அணைத்து, உலர்ந்த கையால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஈரச் சுவரோடு ஒட்டாமல், காற்றோட்டம் உள்ள இடத்தில் பெட்டியை வையுங்கள். இடி மின்னல் நெருங்கும் முன்பே பிளக்கை மட்டுமன்றி டிஷ் ஒயரையும் கழற்றிவிடுங்கள்.

மெக்கானிக்கும் நாமும்

மெக்கானிக்கை அழைக்கும்போது 'படம் சரியில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த நாளிலிருந்து, எந்த நேரத்தில், மெனு எழுத்து நேரா கோணலா, அண்டை வீட்டில் செட்டாப் பாக்ஸ் எப்படி இயங்கியது என்பவற்றைச் சொல்லுங்கள். அவருடைய பாதி வேலை முடிந்துவிடும். உங்கள் செலவும் குறையும். கூலியை முன்னதாகவே பேசி முடிவு செய்யுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டுப் பெறுங்கள். இத்தொழில் செய்யும் நம் சகோதரர்களும், பொத்தானால் தீரும் குறைக்குப் பாகம் மாற்றியதாகக் கூலி வாங்குவது ஹலால் ஆகாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பழுது தீராது என்றால் அதை மறைக்காமல் சொல்வதும் அமானிதமே.

டியூப் உண்மையிலேயே ஓய்ந்துவிட்டால் பெட்டிக்கு விடை கொடுக்கத்தான் வேண்டும். அப்போதும் அதைத் தேயிலைச் செடிகளுக்கிடையே எறிவதோ, செம்புக்காகப் பிள்ளைகள் கல்லால் உடைக்க விடுவதோ கூடாது. அக்கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. மின்னணுக் கழிவுகளை முறையாகப் பெற்றுக்கொள்வோரிடமே பெட்டியை உடைக்காமல் ஒப்படையுங்கள். புதியது தேவைப்பட்டால், வட்டியில்லாத வழியில் சிறுகச் சேர்த்து வாங்குங்கள். சில மாதங்கள் திரையின்றிக் கழிவதால் எந்த வீடும் இருண்டுவிடாது.

நேயர்களே! வீண்விரயம் என்பது பணத்தை வாரி இறைப்பது மட்டுமன்று. இன்னும் உழைக்கக்கூடிய பொருளை ஆராயாமல் ஒதுக்குவதும் விரயமே. அடுத்த முறை படம் கோணும்போது முதலில் மெனுவைப் பாருங்கள். பிறகு ஒயரைப் பாருங்கள். அதன் பின் அருகிலுள்ள பொருள்களைப் பாருங்கள். அதற்கு மேல், அறிந்தவரை அழையுங்கள். நம் உழைப்பிலும் பொருளிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.