பழைய ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சினை தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாமா?

1961-ல் அறிமுகமான ஜாகுவார் இ-டைப்பின் ஆரம்பகால மாடல்களில், பானட்டைத் திறந்தாலே பளபளக்கும் அலுமினிய கேம் கவர்கள் தெரியும். அதில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் ஹை பிரஷர் வாட்டர் வாஷ் அடிச்சிடலாமா? கூடாது.

ஏன்?

டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் புகுந்தால் ஸ்பார்க் சரியாக வராது. வண்டி ஸ்டார்ட் ஆகாது.

அப்போ எப்படி சுத்தம் செய்யணும்?

* எஞ்சின் நன்றாக ஆறியதும் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள்.
* டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர்களை பிளாஸ்டிக் கவரால் மூடுங்கள்.
* அலுமினியத்துக்கு ஏற்ற டீகிரீசரை பிரஷ்ஷில் தொட்டுத் தேயுங்கள். காரம் அதிகமானால் அலுமினியம் வெளுத்துவிடும்.
* ஈரத் துணியால் துடைத்து, முழுதாக உலர்ந்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

பெட்ரோலால் துடைப்பது வேண்டவே வேண்டாம். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

துடைத்த பிறகும் அதே இடத்தில் எண்ணெய் வந்தால் அது அழுக்கு இல்லை, கசிவு. உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.