காவலுக்கும் ஒரு காவல்

1946 ஆம் ஆண்டில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைக் கொப்புள நோய் வந்து பற்றியது. அந்நோய் முற்றிய இலையைத் தீண்டுவதில்லை. இளங்கொழுந்தையே நாடிப் பிடிக்கும். அதைத் தடுக்கச் செம்புச் சத்துள்ள மருந்தை இலைமேல் தெளிக்கிறார்கள். ஆனால், மழைக் காலத்தில் ஒருமுறை தெளித்துவிட்டு ஓய்ந்திருக்க இயலாது. நேற்றுத் தெளித்த மருந்து நேற்றிருந்த இலையைத்தான் காக்கும்; இன்று விரிந்த கொழுந்துக்கு அதில் பங்கில்லை. ஆதலால், வாரத்துக்கு ஒருமுறையோ பத்து நாளைக்கு ஒருமுறையோ மீண்டும் மருந்தடிக்க வேண்டியிருக்கிறது. தெமோதரையிலும் பதுளையிலும் பசறையிலும் மலைச்சரிவுகளில் வாழ்வோர்க்கு இது புதுச் செய்தியன்று.

இதே நியாயம் கணினிக்கும் பொருந்தும். வைரஸ் தடுப்பு மென்பொருளை ஒருநாள் நிறுவிவிட்டு, இனிக் கவலையில்லை என்று இருந்துவிடுவோர் பலர். அவர்கள் ஒருமுறை மருந்தடித்துவிட்டு மலையை மறந்தவர்க்கு ஒப்பாவர்.

மேசைமேல் இருக்கும் கணினி ஒருவருக்கு ஊழியம் செய்வது. சேவர் என்றும் சேவையகம் என்றும் சொல்லப்படுவதோ பலருக்கும் பொதுவாக ஊழியம் செய்வது. அலுவலகக் கடிதங்கள், சம்பளப் பட்டியல், மாணவர் பதிவுகள், தோட்டத்துச் செக்ரோல் ஆகிய யாவும் அதனுள் அடங்கியிருக்கும். ஒருவரின் கணினி கெட்டால் ஒருவரின் வேலை நிற்கும். சேவையகம் கெட்டால் ஊரே காத்து நிற்கும். ஆகவே, அதன் காவல் இருமடங்கு உறுதியாக இருத்தல் வேண்டும்.

அக்காவல் எவ்வாறு நடைபெறுகிறது? வைரஸ் தடுப்பு மென்பொருளிடம் தீய நிரல்களின் அடையாளப் பட்டியல் ஒன்று உண்டு. உள்ளே வரும் ஒவ்வொரு கோப்பையும் அது அப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். அத்துடன், கணினியில் எந்த நிரலாவது வழக்கத்துக்கு மாறாக நடக்கிறதா என்றும் கவனிக்கும். ஐயத்துக்குரிய கோப்பைத் தனியே ஒதுக்கி வைக்கும். இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்தோரை முன்னாளில் மண்டபம் முகாமில் நிறுத்திவைத்துச் சோதித்ததை இதற்கு உவமையாகச் சொல்லலாம்.

இக்காவலைப் புதுப்பித்தல் மூவகைப்படும். அடையாளப் பட்டியலைப் புதுப்பித்தல் முதலாவது. புதிய தீநிரல்கள் நாள்தோறும் தோன்றுவதால் இது நாளுக்குப் பலமுறை தானாகவே நடைபெறும். தடுப்பு மென்பொருளின் சொந்தக் குறைகளைத் திருத்துதல் இரண்டாவது. அம்மென்பொருள் வருகின்ற எல்லாக் கோப்புகளையும் திறந்து பார்ப்பது. கணினியில் மிக உயர்ந்த அதிகாரத்தோடு இயங்குவது. அதிலேயே ஒரு குறை இருப்பின், காவற்காரன் கையிலுள்ள சாவிக்கொத்தே கள்வன் கைக்குப் போய்விடும். சேவையகத்தின் இயங்குதளத்தையும், கடிதச் சேவை முதலான பிற மென்பொருள்களையும் திருத்துதல் மூன்றாவது. இது சுவரிலுள்ள ஓட்டையை அடைக்கும் வேலை. வாசலில் எத்துணை விழிப்பான காவலன் நின்றாலும், பின்சுவர் இடிந்திருந்தால் பயனில்லை.

சுவரைப் பழுதுபார்க்கத் தவறியதன் விளைவை இலங்கை 2023 ஆம் ஆண்டில் நேரிற் கண்டது. அரசாங்க அலுவலகங்களின் மின்னஞ்சல்கள் இலங்கை அரசாங்க முகில் என்னும் பொது அமைப்பில் வைக்கப்பட்டிருந்தன. அங்கே கடிதச் சேவையை நடத்தியது மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் மென்பொருளின் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. அப்பதிப்புக்குத் திருத்தங்கள் வழங்குவதை அந்நிறுவனம் 2023 ஏப்ரல் 11 ஆம் திகதியோடு நிறுத்திக்கொண்டது. புதிய பதிப்புக்கு மாறும் திட்டம் 2021 முதலே இருந்தும், பணமின்மையாலும் நிருவாக முடிவுகளாலும் அது தாமதமாயிற்று என்று பொறுப்பான நிறுவனம் பின்னர் தெரிவித்தது.

2023 ஒகஸ்ட் மாத இறுதியில் கப்பம் கோரும் தீநிரல் ஒன்று அவ்வமைப்பைத் தாக்கியது. கோப்புகளை யாரும் படிக்க முடியாதபடி பூட்டிவிட்டு, திறவுகோலுக்குப் பணம் கேட்பதே அவ்வகை நிரலின் தொழில். ஏறக்குறைய 5000 மின்னஞ்சல் முகவரிகள் இதனாற் பாதிக்கப்பட்டன. சேவை விரைவில் மீண்டும் இயங்கத் தொடங்கிற்று. எனினும், மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையுள்ள கடிதங்கள் திரும்பவில்லை. அமைச்சரவை அலுவலகமும் இதற்கு விலக்கன்று. இணைப்பிலேயே இருந்த பிரதிகளையும் தீநிரல் பூட்டிவிட்டது. வலையமைப்பிலிருந்து பிரித்து வைத்த பிரதியில் அந்த மாதங்களின் கடிதங்கள் இல்லை.

மூன்று மாதக் கடிதங்கள் என்றால் சிறிதாகத் தோன்றக்கூடும். ஆனால், அரசாங்க அலுவலகத்துக்கு எழுதுகிறவர் யார்? ஓய்வூதியம் கேட்பவர், இடமாற்றம் கேட்பவர், காணி உறுதி கேட்பவர். அனுப்பிய விண்ணப்பம் இல்லை என்றானால், மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியவர் அவரே. கணினி அறையில் தள்ளிப்போட்ட ஒரு வேலையின் சுமை, கணினியைக் கண்ணாற் காணாதவர் தோளில் வந்து விழுகின்றது.

உலக அனுபவமும் இதையே உரைக்கிறது. 2017 மார்ச் 14 ஆம் திகதி வின்டோஸ் இயங்குதளத்தின் ஓர் ஓட்டைக்கு மைக்ரோசொப்ட் திருத்தம் வெளியிட்டது. 59 நாட்கள் கழித்து, மே 12 ஆம் திகதி, வன்னாக்ரை என்னும் தீநிரல் அதே ஓட்டை வழியாகப் புகுந்தது. சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் முடங்கின. பிரித்தானிய மருத்துவமனைகளில் சத்திரசிகிச்சைகளும் தள்ளிவைக்கப்பட்டன. மருந்து கையில் இருந்தும் அடிக்காமல் விட்டதால் வந்த கேடு அது.

அப்படியாயின், திருத்தம் வந்தவுடனே கண்ணை மூடிக்கொண்டு நிறுவிவிடலாமா? அதுவும் ஆகாது. 2010 ஏப்ரல் 21 ஆம் திகதி மக்காபி நிறுவனத்தின் அடையாளப் பட்டியல் ஒன்று, வின்டோஸின் இன்றியமையாத கோப்பையே தீநிரல் என்று ஒதுக்கிவிட்டது; எண்ணற்ற கணினிகள் நிலைகுலைந்தன. 2024 யூலை 19 ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பால் சுமார் 85 இலட்சம் கணினிகள் செயலிழந்தன. விமான சேவைகளும் நின்றன. காவலனே கால் தடுக்கி வீட்டின்மேல் விழுந்த கதை இது.

தெமோதரைப் புகையிரதப் பாதை இதற்கோர் அழகிய பாடம். பதுளையிலிருந்து ஏறிவரும் புகையிரதம் செங்குத்தாக நிலையத்தை எட்ட முடியாது. மலைநாட்டுப் பாதையில் 44 அடிக்கு ஓர் அடிக்கு மேல் ஏற்றம் கூடாது என்பது விதி. ஆகவே, அது நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்துள் நுழைந்து, மலையை வளைந்து சுற்றி, மேலே வந்து சேர்கிறது. அந்தச் சுற்று வீண் தாமதமன்று. பத்திரமாக ஏறுவதற்கு அதுவே வழி. சேவையகத்தைப் புதுப்பிப்பதிலும் இத்தகைய சுற்று ஒன்று உண்டு.

முதலாவதாக, திருத்தத்தோடு வரும் குறிப்பை வாசித்தல் வேண்டும். அடுத்து, சேவையகத்தின் முழுப் பிரதியை எடுத்து, வலையமைப்பிலிருந்து பிரித்து வைத்தல் வேண்டும். அதிலிருந்து கோப்புகளை மீட்க முடிகிறதா என்றும் பார்த்தல் வேண்டும். பின்னர், முக்கியமற்ற ஒரு கணினியில் திருத்தத்தை முதலில் இட்டு, கேடில்லை என்று கண்டபின், அலுவலகம் ஓய்ந்த வேளையில் சேவையகத்தில் நிறுவலாம். மறுபடி தொடங்கியதும், தடுப்பு மென்பொருள் விழித்திருக்கிறதா, பட்டியலின் திகதி புதியதா, கடிதச் சேவை நடக்கிறதா என ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் புத்தகத்தில் பதிய வேண்டும். கடிதக் களஞ்சியம் போன்ற, நொடிதோறும் மாறும் கோப்புகளைச் சோதனையிலிருந்து விலக்குமாறு அவற்றை ஆக்கியோர் கூறியிருப்பின், அவ்வறிவுரையையும் கைக்கொள்ளல் வேண்டும்.

அவசரத் திருத்தமாயின், இச்சுற்றை ஓரிரு நாட்களில் முடிக்கலாம். மாதக்கணக்கில் இழுப்பதற்கு அது சாக்காகாது. ஆக்கியோரே கைவிட்ட பதிப்புக்கு மருந்தே வராதாகையால், அதை மாற்றுவதற்கான பணத்தை முன்கூட்டியே ஒதுக்குவதும் காவலின் ஒரு பகுதியே. இப்பணி செவ்வனே நடந்த நாளில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. மருந்தடித்த மலையிலும் நோயைக் காண முடிவதில்லை. கொழுந்தைத்தான் காண முடிகிறது.