சானிடைசர் சொட்டிய தேக்கு மேசை

கொரோனா காலத்தில் பழைய தேக்கு மேசையை வாசலருகே போட்டு, அதன்மேல் சானிடைசர் புட்டியை வைத்திருந்த வீடுகள் உண்டு. சொட்டு விழுந்த இடமெல்லாம் முதலில் பிசுபிசுத்து, பிறகு மங்கிய திட்டாகக் காய்ந்தது. அதைக் கறை என்று எண்ணி இன்னும் கொஞ்சம் சானிடைசர் விட்டுத் தேய்த்தால், அடியிலிருக்கும் வெறும் மரம் தெரிய ஆரம்பிக்கும். அது கறையே அல்ல. மரத்தின் மேலிருந்த பூச்சு கரைந்துபோன இடம்.

தாத்தா காலத்து பீரோ, கட்டில், ஊஞ்சல் பலகை இவற்றின் மினுமினுப்பு பெரும்பாலும் பிரெஞ்சு பாலிஷ். அதன் மூலப்பொருள் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளிலிருந்து வரும் அரக்கு. கெரியா லாக்கா என்ற மிகச் சிறிய பூச்சி புரசு, இலந்தை, குசும் மரங்களின் இளங்கிளையில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும்; தன் உடலைக் காக்கப் பிசின் சுரந்து மேலே கூரை போட்டுக்கொள்ளும். அந்தக் கிளையை வெட்டி, பிசினைச் சுரண்டி, நொறுக்கி, சிவப்புச் சாயம் போகும்வரை நீரில் அலசுவார்கள். பின்பு நீண்ட துணிப்பையில் அடைத்து நெருப்பருகே உருக்கிப் பிழிந்து, மெல்லிய தகடாக இழுத்து உடைத்தால் செல்லாக் செதில் கிடைக்கும். இதை ஆராயவே 1924இல் ராஞ்சியை அடுத்த நாம்குமில் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. அம்பாசமுத்திரம் மரச்சொப்புகளின் வண்ணமும் அரக்குதான்: கடைசலில் சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வின் சூட்டிலேயே அது இளகிப் படிகிறது.

அரக்கின் பலவீனங்கள் எல்லாம் அதன் வேதியியலில் இருக்கின்றன. அலூரிட்டிக் அமிலம் முதலான கரிம அமிலங்கள் இணைந்த சிறு மூலக்கூறுகளால் ஆனது அரக்கு. அவை ஒன்றோடொன்று வலையாகப் பின்னிக்கொள்ளாதவை. ஆல்கஹால் எளிதாக நடுவில் புகுந்து பிரித்துவிடும். சானிடைசரில் முக்கால் பங்கு அளவுக்கு ஆல்கஹால்தான். காரமும் அரக்கைக் கரைக்கும் என்பதால் சலவைச் சோடாவும் அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் இந்த மேசைப் பக்கமே வரக்கூடாது. 75 டிகிரி செல்சியஸ் சூட்டை ஒட்டி அரக்கு இளகிவிடும். கொதிக்கக் கொதிக்க வைத்த காபி டம்ளரின் அடிவட்டம் பதிவது இதனால்தான்.

ஆனால் மரத்தில் பளபளப்பதெல்லாம் அரக்கு அல்ல. 1920களில் மோட்டார் கார்களுக்கு அடித்துப் பிரபலமான நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் மரச்சாமான்களுக்கும் வந்தது. நகப்பூச்சின் அடிப்படையும் அதுதான். இதற்குப் பெரிய பகை பிளாஸ்டிக் மேசைவிரிப்பு: விரிப்பை வளைந்துகொடுக்கச் செய்யும் எண்ணெய்ப் பொருள் மெல்லக் கசிந்து பூச்சை இளக்கி, இரண்டையும் ஒட்டவைத்துவிடும். மெலமைன், பியூ (பாலியூரித்தேன்) பூச்சுகள் இறுகியபின் வலைபோல் பின்னிக்கொள்வதால் எளிதில் கரையா. எனவே துடைக்கும் துணியை எடுக்கும் முன், கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில், காலின் உட்புறத்தில், ஒரு துளி ஸ்பிரிட்டை, அதாவது பாலிஷுக்குப் பயன்படும் ஆல்கஹாலை, பஞ்சில் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. ஸ்பிரிட்டுக்கு மசியாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் மெலமைன் அல்லது பியூ.

அன்றாடச் சுத்தத்துக்கு உலர்ந்த மென்துணி போதும். தூசியில் இருக்கும் மணல்துகள் பூச்சைவிடக் கடினமானது. அழுத்தித் தேய்த்தால் கீறும், ஆகவே மெதுவாக ஒற்றி எடுக்க வேண்டும். பிசுக்கு இருந்தால் மட்டும், காரமில்லாத திரவச் சோப்பு ஓரிரு துளி கலந்த நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணி, உடனே உலர்துணி. தேங்காயெண்ணெய் தடவுவதை எத்தனை பேர் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன். அது உலராத எண்ணெய். பூச்சுக்குள் போகாமல் மேலேயே தங்கித் தூசியைச் சேர்க்கும். சிலிக்கோன் ஸ்பிரேயும் வேண்டாம், பின்னாளில் பாலிஷ் போடும்போது அது படிந்த இடத்தில் புதுப்பூச்சு பரவாமல் குழிகுழியாக விலகும். வருடத்துக்கு ஒருமுறை தேன்மெழுகை மிக மெல்லியதாகத் தடவித் தேய்த்துவிட்டால் போதும்.

வெள்ளை வளையம் விழுந்த மேசையை உப்புத்தாள் போட்டுச் சுரண்டி பியூ அடிக்கச் சொல்பவர்கள் பெருகிவிட்டார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். அந்த வெண்மை பெரும்பாலும் பூச்சுக்குள் சிக்கிய ஈரம் ஒளியைச் சிதறடிப்பதால் தெரிவது, மரம் கெடவில்லை. அரக்கைக் கரைக்கும் அதே ஸ்பிரிட்தான் அதற்கு மருந்தும். பஞ்சைத் துணியில் சுற்றி, ஸ்பிரிட் பட்டும் படாமலும் நனைத்து, நிறுத்தாமல் வீசிவீசித் தடவினால் மேற்பரப்பு நொடிநேரம் இளகி, ஈரத்தை விட்டுவிட்டு மறுபடி தெளிவாக இறுகும். ஒரே இடத்திலேயே நிறுத்தித் தேய்த்தால் பூச்சு கிழியும். சன்னலைத் திறந்துவைத்து, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் செய்ய வேண்டிய வேலை இது. பியூ பூச்சில் இப்படி ஒரு திட்டை மட்டும் சரிசெய்வது கடினம், பெரும்பாலும் சுரண்டித்தான் ஆகவேண்டும். ஐம்பது வருட மேசை இன்னொரு ஐம்பது வருடம் நிற்க அரக்கே உதவும் என்று நான் நம்புவது இதனால்தான்.

புதுப்பூச்சு தேவைப்பட்டால் அடைமழை நாளைத் தவிர்த்து விடுங்கள். ஸ்பிரிட் ஆவியாகும்போது பலகையின் மேற்பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அதில் பனியாகப் படிந்து பூச்சு வெளுக்கும். ஸ்பிரிட்டில் ஊறிய அரக்கும் நாளானால் ஆல்கஹாலோடு மெல்ல வினைபுரிந்து, உலரும் தன்மையை இழக்கும். பழைய புட்டி என்றால் முதலில் கண்ணாடித் துண்டில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். மறுநாளும் நகம் அழுந்தினால், மேசைக்குப் போடாமல் கொட்டிவிடுங்கள்.