ஒரு மூடி போன தூரம்

காரின் ரேடியேட்டர் தலையில் ஒரு மூடி இருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், இந்த மூடியைத் தானே செய்வதை விட்டுவிட்டு வெளியில் வாங்கத் தீர்மானித்தது. பிரிட்டனில் இருந்த அதன் இயந்திரங்களை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தது, 1966-ல் சென்னையின் பாடியில் போல்ட்டும் நட்டும் செய்யத் தொடங்கிய சுந்தரம் ஃபாஸ்னர்ஸ். கும்மிடிப்பூண்டியில் அவற்றை நிறுவி, மூடிகளை அமெரிக்காவுக்கே அனுப்பியது. பிறகு ஜி.எம்.மின் சிறந்த சப்ளையர் விருதும் பலமுறை வந்தது. எங்கோ ஒரு நாட்டில் ஓடிக்கொண்டிருந்த தொழிலை இயந்திரத்தோடு பெயர்த்து வந்து, அதே வாடிக்கையாளருக்கு விற்ற கதை இது. ‘ஸ்டார்ட்அப்’ என்ற சொல் அப்போது இந்தப் பக்கம் வந்திருக்கவில்லை.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் எம்.பி.ஏ. படிக்கும் பிள்ளைகளிடம் உலகச் சந்தையைப் பிடித்த நிறுவனத்துக்கு ஓர் உதாரணம் கேட்டுப் பாருங்கள். ஏர்பிஎன்பி வரும், ஊபர் வரும். தினமும் பாடி வழியாகக் கல்லூரி பஸ்ஸில் போகிறவர்கள்தான். ஆனாலும் மூடி வராது. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் கையில் இருக்கும் கேஸ் ஸ்டடிகளில் கலிஃபோர்னியா இருக்கிறது, பாடி இல்லை.

இத்தனைக்கும் இது சாதாரண வட்டாரம் இல்லை. 1949-ல் முருகப்பா குழுமம் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸோடு கைகோத்து அம்பத்தூரில் சைக்கிள் செய்ய இறங்கியது. அறுபதுகளில் பாடியில் டி.வி.எஸ். குடும்பத்தின் லூகாஸ், பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆலைகள் வரிசையாக எழுந்தன. மூன்றும் பிரிட்டிஷ் கூட்டுடன் வந்தவை. சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் ஜப்பானின் டெமிங் விருதை வாங்கியது. இந்தப் பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுத்தே வளர்ந்தவை, 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பல ஷெட்கள். அங்கே கடைந்த ஒரு புஷ் எந்த நாட்டு வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது என்பது அதைக் கடைந்தவருக்கே தெரியாது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் அவருக்கு எப்போதும் இருந்திருக்கிறார், நடுவில் இரண்டு மூன்று கை மாறி.

தொழில் தொடங்குவதை வகுப்பில் சொல்லித்தர முடியுமா என்பது பழைய சண்டை. ஹார்வர்டில் மைல்ஸ் மேஸ் என்ற பேராசிரியர் 1947-ல் இதற்கென்று முதல் பாடத்தை நடத்தினார். போரிலிருந்து திரும்பிய இளைஞர்களும் அடங்கிய அந்த வகுப்பில் 188 பேர் சேர்ந்தார்கள். அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கு, பாடம் என்றால் பெரும்பாலும் பிசினஸ் பிளான் எழுதுவதுதான். 2011-ல் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீவ் பிளாங்க் அந்தத் திட்ட அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு மாணவர்களைத் தெருவுக்கு அனுப்பினார். வாரத்துக்குப் பத்துப் பேரையாவது நேரில் பார்த்து, நாம் செய்ய நினைப்பது அவர்களுக்கு வேண்டுமா என்று கேட்டுவர வேண்டும்.

இவர்களைவிட நம் ஊருக்கு நெருக்கமாகப் பேசுபவர் சரஸ் சரஸ்வதி. கார்னகி மெலன் பல்கலையில் நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமனிடம் ஆய்வு செய்தவர். பெரிய நிறுவனங்களை வளர்த்தெடுத்த 27 பேரிடம் கற்பனையான ஒரு பொருளைக் கொடுத்து, ‘இதை எப்படி விற்பீர்கள், யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்’ என்றார். எம்.பி.ஏ. பாடம் சொல்லும் வரிசையில் பெரும்பாலோர் யோசிக்கவில்லை. சந்தை ஆய்வு, இலக்கு, நிதி என்று போகாமல், நான் யார், எனக்கு என்ன தெரியும், யாரைத் தெரியும் என்பதிலிருந்து தொடங்கினார்கள். எவ்வளவு கிடைக்கும் என்பதைவிட எவ்வளவு போனால் தாங்கும் என்று பார்த்தார்கள். இதற்கு அவர் சொல்லும் உவமை சமையல். பட்டியல் போட்டுச் சாமான் வாங்கி விருந்து வைப்பது ஒரு வகை. அலமாரியைத் திறந்து, இருப்பதை வைத்து வாய்க்கு ருசியாக ஒன்று செய்வது இன்னொரு வகை. நாலு கத்திரிக்காயும் கொஞ்சம் புளியும் மட்டும் இருக்கிற மாதக் கடைசியில் நம் வீடுகளில் நடப்பது இந்த இரண்டாவது வகைதான்.

அப்படிப் பார்த்தால், அம்பத்தூர் மாணவரின் அலமாரியில் என்ன இருக்கிறது? ஒரு சித்தப்பாவின் லேத் பட்டறை இருக்கலாம். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் (ஹெச்.வி.எஃப்.) வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாத்தா இருக்கலாம். துபாயிலோ சிங்கப்பூரிலோ ஒரு மாமா நிச்சயம் இருப்பார்.

மென்பொருள்காரர்கள் வேறு வழியில் போனார்கள். சென்னைப் பல்கலையில் எம்.பி.ஏ. படித்த கிரிஷ் மாத்ருபூதம், ஜோஹோவில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்து 2010-ல் நண்பர் ஷான் கிருஷ்ணசாமியுடன் கீழ்க்கட்டளையில் ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். முதல் வாடிக்கையாளர் பக்கத்துத் தெருக்காரர் இல்லை, ஆஸ்திரேலியாவில் உள்ள ஆட்வெல் கல்லூரி. 2021 செப்டம்பரில், ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறியிருந்த அந்த நிறுவனம் நாஸ்டாக்கில் பட்டியலானது. முதலில் உள்ளூர், பிறகு அண்டை நாடு, கடைசியில் தூர தேசம் என்று படிப்படியாகத்தான் நிறுவனங்கள் போகும் என்று 1977-ல் ஸ்வீடனின் உப்சாலாவில் ஒரு கோட்பாடு சொன்னார்கள். பிறந்த அன்றே உலகத்துக்கு விற்கும் நிறுவனங்களும் உண்டு என்று 1994-ல் ஓவியாட், மெக்டூகல் என்ற இருவர் எழுதினார்கள். இரண்டும் பரீட்சைக்கு வரும் கேள்விகள். நம் வட்டாரத்தில் இரண்டும் ஒரே ரயில் பாதையை ஒட்டி இருக்கின்றன: அம்பத்தூரில் படிப்படியாக வளர்ந்த ஷெட்கள், பட்டாபிராமில் 2024 நவம்பரில் திறந்த 21 மாடி டைடல் பார்க்.

ஆனால் மென்பொருளுக்கு இல்லாத ஒரு தொல்லை ஷெட்டுக்கு உண்டு. பொருள் கப்பலில் போக வேண்டும். சிலைடுகளில் ‘குளோபல்’ என்று பெரிய எழுத்தில் போடுகிறவர்கள் அதிகம் தொடாத இடம் இது.

ஒரு கணக்கு போடுவோம். எண்கள் உதாரணத்துக்குத்தான். இரும்பு வாங்கியாயிற்று, முப்பது நாள் கடன். டர்னிங், ஹீட் ட்ரீட்மெண்ட், பிளேட்டிங், இன்ஸ்பெக்‌ஷன் முடிய முப்பது நாள். கப்பலில் நாற்பது நாள். சரக்கு கைக்கு வந்து அறுபது நாளில் பணம் தருவதாக வாங்குபவர் ஒப்பந்தம். ஆக, 130-வது நாள்தான் காசு கண்ணில் படும். இரும்புக்காரர் 30-வது நாளே வந்து நிற்பார். இடையில் நூறு நாள். அதற்குள் மூன்று சம்பளம், மூன்று கரண்ட் பில். கணக்குப் புத்தகம் லாபம் காட்டும், கல்லாப்பெட்டி காலியாக இருக்கும். உள்நாட்டில் சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தராமல் இழுத்தால் அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது என்று வருமான வரியிலும் இப்போது விதி வந்துவிட்டது. டெட்ராய்ட்டில் இருந்து வாங்குபவருக்கு அந்தச் சட்டமெல்லாம் பொருந்தாது.

நூறு நாளைத் தாண்ட வழிகள் இருக்கின்றன. ஆர்டரைக் காட்டி வங்கியில் பேக்கிங் கிரெடிட் வாங்கலாம். வாங்கியவர் ஏமாற்றினால் ஈடு தர, 1957-லிருந்து இ.சி.ஜி.சி. என்ற மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. ஏற்றுமதிக்கான ஐ.இ.சி. எண்ணை 500 ரூபாய் கட்டி ஆன்லைனில் எடுத்துவிடலாம். ஜி.எஸ்.டி. கட்டாமலே சரக்கை அனுப்ப எல்.யு.டி. என்ற உறுதிப் பத்திரம் போதும், அதை ஒவ்வொரு நிதியாண்டும் புதுப்பிக்க வேண்டும். இதில் எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. இருந்தும் எம்.பி.ஏ. முடித்த பலர் இந்தப் பெயர்களை முதல்முறை கேட்பது வேலையில் சேர்ந்த பிறகுதான்.

அரசு கைகட்டி நிற்கவில்லை. மாணவர் ஸ்டார்ட்அப்களுக்கென்று ஏ.ஐ.சி.டி.இ. 2016-லேயே கொள்கை வெளியிட்டது. தமிழ்நாட்டின் டான்சீட் திட்டம் 10 லட்ச ரூபாய் வரை ஆரம்ப நிதி தருகிறது. பெண்கள் நடத்தும் நிறுவனம் என்றால் 15 லட்சம். ஆவடியில் வேல் டெக் பல்கலையில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆதரவுடன் ஒரு இன்குபேட்டர் இயங்குகிறது. (1955-ல் சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று காங்கிரஸ் தீர்மானம் போட்டதும் இதே ஆவடிதான். ஊருக்கும் வயதாகிறது.)

குறை எங்கே என்றால், இவை எல்லாவற்றின் உச்சமாகப் பிட்ச் போட்டி வந்து உட்கார்ந்துகொண்டதுதான். பத்து நிமிடம், பன்னிரண்டு சிலைடு, கைதட்டல், கேடயம். பாதிக் குழுக்கள் கேடயத்தோடு கலைந்துவிடுகின்றன. அதே பிள்ளைகளை ஒரு செமஸ்டர் முழுக்க ஒரே ஷெட்டோடு கட்டிப்போட்டால் என்ன? முதல் நாள் வாசலில், ‘என்ன தம்பி, ப்ராஜெக்ட் லெட்டரா? சீல் வேணுமா?’ என்றுதான் முதலாளி கேட்பார். மூன்றாவது வாரம், ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு இமெயிலைக் காட்டி, ‘இதுக்கு என்னம்மா பதில் எழுதலாம்?’ என்பார். அந்தப் பதிலை எழுதி, விலை சொல்லி, சாம்பிள் அனுப்பி, வராத பணத்துக்கு நடுராத்திரி போன் போடுவதற்கு மதிப்பெண் கொடுக்கலாம்.

பாடமும் தயாராகவே இருக்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது 50 சதவீத வரி போட்டது. வாகன உதிரிபாகப் பட்டியலில் இருந்தவற்றுக்கு மட்டும் 25 சதவீதம். ஒரு பொருள் எந்தப் பக்கம் விழும் என்பது பில்லில் எழுதும், சரக்கின் வகையைச் சொல்லும் ஹெச்.எஸ். குறியீட்டைப் பொறுத்திருந்தது, போல்ட் என்றால் 7318, ரேடியேட்டர் பாகம் என்றால் 8708. அம்பத்தூரின் பல சின்ன ஷெட்களில் அந்த எண்ணைச் சரிபார்க்கவென்று தனி ஆள் கிடையாது. பகுதிநேரக் கணக்கர் ஒருவர் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஸ்கூட்டரில் வந்து, போன மாத பில்லிலிருந்து அதை அப்படியே பார்த்து எழுதிவிட்டுப் போகிறார்.